டர்போ காருக்கு எந்த ஈசியூ? டைனோ இல்லாத ஊர்ல இருந்து ஒரு கேள்வி

9 மார்ச் 2025, காலை. அம்பாசமுத்திரத்துத் தம்பி கேட்டது:

அண்ணாச்சி, வண்டி 2011 லீனியா டி-ஜெட். பெரிய இன்டர்கூலர், டவுன்பைப், இன்டேக் மூணும் போட்டாச்சு. எஞ்சினை ஓட்டுத கம்ப்யூட்டர் பெட்டி, ஈசியூதான் பாக்கி. கடைக்காரர் ஒருத்தர், "கம்பெனி ஈசியூவ வச்சுக்கிட்டு ஒண்ணும் நடக்காது, ஸ்டாண்டலோன் போட்டாத்தான் வண்டி ஓடும்"ங்கார். கம்பெனிப் பெட்டிக்குப் பதிலா வைக்கிற தனிப் பெட்டியில ஹால்டெக்கா, லிங்க்கா, இஎம்யூ பிளாக்கா, இல்ல ஸ்பீடுயினோவே போதுமா? கையில ஒன்றரை லட்சம் இருக்கு. 160 குதிரை வந்தா போதும். தினமும் நெல்லைக்கு வேலைக்கு வந்து போற வண்டி.

9 மார்ச் 2025, இரவு

பெட்டி கெடக்கட்டும். ட்யூன் பண்ணப்போறது யாரு? மொதல்ல அதைச் சொல்லுங்க.

மகேந்திரகிரியில இஸ்ரோக்காரங்க ராக்கெட் எஞ்சினையே கட்டிவச்சு எரிச்சுப் பாக்காங்க. அதே மாவட்டத்துல இருந்துக்கிட்டு, கார் சக்கரத்தை உருட்டிப் பாக்க நமக்கு ஒரு ரோலர் கிடையாது. எனக்குத் தெரிய, அந்த ரோலர், அதாவது பவர் அளக்குற டைனோ வேணும்னா கோயம்புத்தூர் போகணும். 350 கிலோமீட்டருக்கு மேல. இல்லன்னா சென்னை, பெங்களூரு. போற வழியெல்லாம் மேப் (எவ்வளவு பெட்ரோல், எப்ப ஸ்பார்க்னு சொல்லுத கட்டக் கணக்கு) சரியா ஆகாத வண்டியில எஞ்சின் தட்டுதா (பெட்ரோல் நேரங்கெட்டு வெடிக்கிற நாக்) தட்டலையான்னு காதைத் தீட்டிக்கிட்டே போகணும்.

நீங்க நம்புத ட்யூனருக்கு எந்த சாஃப்ட்வேர் கைப்பழக்கமோ அந்தப் பெட்டிதான் உங்க பெட்டி. ஆளைப் பிடிச்சுட்டு வாங்க, மிச்சம் பேசுவோம்.

10 மார்ச் 2025

நேத்து சுருக்கமா முடிச்சுட்டேன். இன்னைக்கு ஞாயிறு இல்லன்னாலும் கொஞ்சம் நீட்டுதேன்.

டி-ஜெட்டுல இருக்கிற கம்பெனி ஈசியூ டார்க் (எஞ்சின் திருகுத விசை) கணக்குல ஓடுது. நீங்க மிதிச்ச உடனே த்ராட்டில் தொறந்துறாது. "இவருக்கு இவ்வளவு டார்க் வேணும்"னு எடுத்துக்கிட்டு, அதுக்கு எவ்வளவு காத்து, எவ்வளவு பூஸ்ட் (டர்போ ஏத்துத காத்தழுத்தம்), இக்னிஷன் எங்க வைக்கணும்னு தானே பிரிச்சுக்கும். ஏசி கம்ப்ரசர் பிடிக்கும்போது ஐடில் விழாம தூக்குறது, ரேடியேட்டர் ஃபேன், மீட்டர் போர்டுக்குச் சேதி, சாவியோட இம்மொபிலைசர், எல்லாம் அதுக்குள்ளதான். ஒரு கம்பெனி பனியிலயும் பாலைவனத்துலயும் ஓட்டிப் பாத்து எழுதின கணக்கு அது. ஸ்டாண்டலோன் மாட்டின அன்னைக்கு இது மொத்தமும் வெறும் கட்டம். ஒவ்வொண்ணா நிரப்பணும். பவர் வார இடத்தை நிரப்ப ஒரு நாள் போதும். ஏசி போட்டுக்கிட்டு வண்ணார்பேட்டை சிக்னல்ல நிக்கும்போது அணையாம இருக்கிற இடத்தை நிரப்பத்தான் மாசக்கணக்கு ஆகும்.

இன்னொண்ணு. லீனியாவுக்கு ஃபியட் 114 குதிரை, 207 நியூட்டன் மீட்டர் வச்சுது. அதே 1.4 டி-ஜெட் குடும்பத்துல 2015-ல வந்த அபார்த் புன்டோவுக்கு 145 குதிரை கொடுத்தாங்க. அதுவும் கம்பெனி ஈசியூதானே. "ஒண்ணும் நடக்காது"ன்னு சொன்ன கடைக்காரருக்கு இதைச் சொல்லிப் பாருங்க.

உங்க 160-க்கு நல்ல ஆள் கையால ஒரு ரீமேப் (கம்பெனி ஈசியூவுக்குள்ள இருக்கிற மேப்பையே திருத்துறது) போதும். சின்ன டர்போதான், அதுக்கு மேல போனா அதுக்கே மூச்சு முட்டும். இன்ஜெக்டர் கணக்கை மட்டும் போட்டுக்குங்க. டர்போ எஞ்சினுக்கு ஒரு குதிரைக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல்னு வைங்க. 160 குதிரைக்கு 43 கிலோ சொச்சம். நாலு இன்ஜெக்டர், 85 சதவீதத்துக்கு மேல தொறந்து வைக்கக்கூடாது. கணக்குப் பாத்தா ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு 285 சிசி ஊத்தணும். இப்ப பங்க்ல கிடைக்கிற எத்தனால் பெட்ரோலுக்கு அது 310-ஐ ஒட்டி வரும். கழட்டி ஒரு இன்ஜெக்டர் டெஸ்ட் பெஞ்சுல வச்சு, உங்க இன்ஜெக்டர் எவ்வளவு ஊத்துதுன்னு பாத்துட்டு அப்புறம் 160-ஐப் பத்திப் பேசலாம்.

பிக்கிபேக் வேண்டாமான்னு அடுத்தாப்ல கேப்பிய. அது சென்சாருக்கும் கம்பெனி ஈசியூவுக்கும் நடுவுல உக்காந்து பொய் சொல்லுத பெட்டி. பூஸ்ட் சென்சார் 1.8னு சொன்னா, இது 1.6னு மாத்திச் சொல்லும். கம்பெனி ஈசியூ கொஞ்ச நாள் நம்பும். அப்புறம் ஆக்சிஜன் சென்சாரை வச்சு "கணக்கு இடிக்கே"ன்னு தானே திருத்த ஆரம்பிக்கும். ரெண்டும் மல்லுக்கட்டும். சின்ன பூஸ்ட்டுக்குப் பரவால்ல. பணம் அதேதான் ஆகும்னா ரீமேப்பே பண்ணிருங்க.

10 மார்ச் 2025, ராத்திரி

"நீங்க மட்டும் இஎம்யூ பிளாக் போட்டிருக்கியளே அண்ணாச்சி?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். என்னுது பழைய ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர், 20 வால்வு, கம்பெனி சொன்னது 150 குதிரை. அதுல இருந்த பாஷ் எம்இ7.5 நல்ல பெட்டி. உலகம் பூரா ஆளுங்க அதைப் பிரிச்சு மேஞ்சு வச்சிருக்காங்க. அதை நான் மாத்தினதுக்குக் காரணம் பவர் கிடையாது. கே03 டர்போ போயி பெருசு வந்துட்டு, இன்ஜெக்டர் மாறிட்டு, மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அளக்குற எல்லைக்கு மேல காத்து போகுது. அதோட இருபது வருஷத்து வயர், தொட்டா மேல் உறை பொடியா உதிருது. லூமை (மொத்த வயர் கட்டை) எப்படியும் புதுசாக் கட்டணும்னு ஆனபிறகு, எந்தப் பெட்டிக்குக் கட்டினா என்ன?

உங்க லீனியாவுல லூம் நல்லா இருக்கு. அதைப் போயி வெட்டாதிய.

14 மார்ச் 2025

லூம்னு சொன்னதும் ரெண்டு பேரு தனியாக் கேட்டாங்க, அதுல என்ன பெரிய சங்கதி இருக்குன்னு. இருக்கு. ஈசியூ பத்திப் பேசுதவங்க எல்லாரும் இதைத் தாண்டிப் போயிருதாங்க.

பெட்டி மாட்டின புதுசுல, 4200 ஆர்பிஎம் தொட்டா என் வண்டி ஒரு வெட்டு வெட்டும். சரியா பூஸ்ட் ஏறுத நேரம். வெளியூர்ல ஒரு இடத்துல கட்டின லூம். போன் போட்டுக் கேட்டா "மேப் சரியில்ல"ன்னாங்க. மேப் போட்டவர் "ஃபியூயல் பம்ப்"னார். பம்ப் விக்கிறவர் என்ன சொல்லியிருப்பாருன்னு நான் கேக்கப் போகல.

கிராங்க் சென்சார் படிக்கிறது 60-2 சக்கரம். அறுபது பல்லுக்கு இடம், ரெண்டு பல் கிடையாது. அந்த ரெண்டு பல் இல்லாத இடைவெளியை வச்சுத்தான் எஞ்சின் எங்க நிக்குதுன்னு ஈசியூ கண்டுபிடிக்கும். இஎம்யூவுல ஒரு ஆசிலோஸ்கோப் இருக்கு, சென்சார் அனுப்புற அலையை லேப்டாப்புல அப்படியே பாக்கலாம். ஐடில்ல அலை அலையா அழகா வருது. ஆர்பிஎம் ஏற ஏற வோல்டேஜும் ஏறுது, அது அந்த வகை சென்சாரோட குணம். 4000 தாண்டினதும் அந்த இடைவெளிக்கு நடுவுல ஊசி மாதிரி ஒரு கோடு. ஒவ்வொரு தடவை இக்னிஷன் காயில் அடிக்கும்போதும் அந்த ஊசி. ஈசியூவுக்கு அது ஒரு பல்லு. கணக்கு தப்பி, ஒத்திசைவு விட்டு, மறுபடி பிடிக்கிறதுதான் அந்த வெட்டு.

ஹெட்டுக்குப் பின்னாடி கையை விட்டுப் பாத்தா, கிராங்க் சென்சார் வயரையும் காயில் வயரையும் ஒண்ணாச் சேத்து டேப் சுத்தி வச்சிருக்கு. பாக்க கம்பெனி வேலை மாதிரி அழகா இருந்துது. கிராங்க் வயரோட ஷீல்டை ரெண்டு முனையிலயும் எர்த் பண்ணியிருக்கு. ஷீல்டை ஒரு முனையில, ஈசியூ பக்கம் மட்டும்தான் எர்த் பண்ணணும். ரெண்டு பக்கமும் பண்ணினா ஷீல்டு வழியாவே கரண்ட் ஓடி, தடுக்க வேண்டிய சத்தத்தை அதுவே கொண்டாந்து சேக்கும். ஒரு முனையை வெட்டி விட்டு, வயரைக் கீழ வழியா சுத்தி விட்டு, ஹெட்டுல இருந்து பேட்டரிக்கு நேரா ஒரு தடிச்ச எர்த் போட்டேன். ஊசி போச்சு. பம்ப் இன்னும் அதே பம்ப்தான்.

அதனால எந்தப் பெட்டி வாங்கினாலும் ட்ரிகர் சிக்னலை (அந்தக் கிராங்க் சென்சார் அலையை) லேப்டாப்புல பாக்க வழி இருக்கான்னு பாருங்க. ஹால்டெக், லிங்க், இஎம்யூ எல்லாத்துலயும் இருக்கு. ஸ்பீடுயினோவுல பல்லுப் பல்லாப் பதியிற லாகர் இருக்கு, அதுவும் உதவும்.

15 மார்ச் 2025

கப்ளருக்கு (வயர் சேருத இணைப்பு) பழைய இரும்புக்கடையில வாங்கின பின்னை மறுபடி அமுக்கிப் போடலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. போடலாம். ரோட்டுல நிக்கும்போது எனக்கு போன் போடக்கூடாது.

22 மார்ச் 2025

வள்ளியூர் அண்ணாச்சி ஒருத்தர் உள்ள வந்திருக்காரு. "எஸ்டீம் 1.3, 16 வால்வு எஞ்சின். வெளிய இருந்து டர்போ வச்சு 0.4 பார் விடப்போறேன். எனக்கும் ரீமேப்னு சொல்லிராதீரும்."

சொல்லமாட்டேன். உங்க கதையே வேற. மாருதி கொடுத்த ஈசியூவுக்கு பூஸ்ட்னா என்னன்னே தெரியாது. அதோட மேப் சென்சார் (எஞ்சினுக்குள்ள போற காத்தழுத்தத்தை அளக்குறது, ட்யூனர் போடுத மேப் வேற) வெளிக்காத்தோட அழுத்தம் வரைக்கும்தான் அளக்கும், அதுக்கு மேல எவ்வளவு ஏத்தினாலும் அது "100 கிலோபாஸ்கல்"னே சொல்லிக்கிட்டு இருக்கும். உங்களுக்கு ஸ்டாண்டலோன் கட்டாயம். ஆனா ஒண்ணரை லட்சம் செலவழிக்காதிய. ஆக்சிலேட்டர் வயர் வச்ச த்ராட்டில், இம்மொபிலைசர் தொந்தரவு கிடையாது, பெட்டிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற கேன் வயரிங் கிடையாது. ஸ்பீடுயினோ உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி. அர்டுயினோ மெகா போர்டு மேல ஓடுத திறந்த மூலப் பெட்டி, ட்யூனர்ஸ்டுடியோவுல மேப் போடலாம். சாலிடரிங் தெரிஞ்ச பையன் ஒருத்தன் கூட இருந்தா போதும், பாலிடெக்னிக் படிக்கிறவன் யாராச்சும் அகப்படுவான்.

உங்க எஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தா அதை நம்பாதிய. டைமிங் பெல்ட், கேம்ஷாஃப்ட், டிஸ்ட்ரிபியூட்டர்னு மூணு இடத்துத் தளர்வும் சேந்து டைமிங் ஆடும். கிராங்க் புல்லியில 36-1 பல்சக்கரம் ஒண்ணு லேத்துல கடைஞ்சு போட்டு, ரெண்டு காயில் வேஸ்ட்டட் ஸ்பார்க்குக்கு (ஒரு காயில் ரெண்டு சிலிண்டருக்கு ஒண்ணா அடிக்கும்) மாறிருங்க. மேப் சென்சார் 2.5 பார் போட்டாலே தாராளம்.

தம்பி, இதைப் படிச்சுட்டு நீங்க ஸ்பீடுயினோ வாங்கிறாதிய. உங்க வண்டியில த்ராட்டில் மோட்டார்ல தொறக்குது. ஸ்பீடுயினோ நேரடியா அந்த மோட்டாரை ஓட்டாது. தனியா ஒரு கன்ட்ரோலர் வச்சு ஒட்டுப்போட்டு ஓட்டுதவங்க இருக்காங்க. த்ராட்டில்ல ஒட்டுவேலை எனக்கு ஒத்துவராது, அது தொறந்தபடி நின்னுட்டா என்ன ஆகும்னு மட்டும் யோசிங்க.

23 மார்ச் 2025

வள்ளியூர் அண்ணாச்சி மாஞ்சோலை ஏறுவேங்கார். மணிமுத்தாறு செக்போஸ்ட்ல வனத்துறை விட்டா ஏறுங்க. கடல்மட்டத்துல காத்தழுத்தம் 101 கிலோபாஸ்கல், 1000 மீட்டர்ல 90-க்கு வந்துரும். வெளிக்காத்து அழுத்தம் அளக்குற தனி பரோ சென்சார் வைக்காட்டா ஸ்பீடுயினோ சாவி போடுத நேரத்து அழுத்தத்தையே வச்சுக்கிட்டு ஓடும். கீழ ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டாம மேல போனா பழைய கணக்கு. இன்னொரு சென்சார் வாங்கிப் போடுங்க, பெரிய காசில்ல. இல்லன்னா மேல ஒரு டீக்கடையில நிப்பாட்டி அணைச்சுப் போடுங்க. டீயும் ஆச்சு, பரோவும் ஆச்சு.

6 ஏப்ரல் 2025

எத்தனால் பத்திப் பாதியில விட்டது.

இப்ப நம்ம பங்க்ல வருது இ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து வேணும், இ20-க்கு 13.5 போதும். அதாவது அதே காத்துக்கு எட்டு ஒம்பது சதவீதம் கூடுதலா பெட்ரோல் ஊத்தணும். பழைய பெட்ரோல்ல போட்ட மேப்போட, க்ளோஸ்டு லூப் (ஆக்சிஜன் சென்சாரைப் பாத்து தானே திருத்திக்கிறது) இல்லாம ஓடுத வண்டி இப்ப லீனா, அதாவது பெட்ரோல் பத்தாம, ஓடிக்கிட்டு இருக்கும். அந்த மேப்பை யாரு எந்த வருஷம் போட்டாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

ஏஎஃப்ஆர்ல (காத்து-பெட்ரோல் விகிதம்) பேசுறதை விட்டுட்டு லாம்டாவுல (காத்தும் பெட்ரோலும் சரியா இருந்தா 1.0, பெட்ரோல் கூடினா அதுக்குக் கீழ) பேசுங்க. புகையில ஆக்சிஜனை அளக்குற வைட்பேண்டு சென்சாருக்குத் தெரிஞ்சது லாம்டா மட்டும்தான். மீட்டர் அதை 14.7 ஆல பெருக்கிக் காட்டுது, டேங்க்ல என்ன இருந்தாலும் சரி. இ20 ஊத்தி சரியா எரிஞ்சாலும் மீட்டர் 14.7னுதான் காட்டும், உண்மை 13.5. பூஸ்ட்ல 0.80-ல இருந்து 0.85, ரோட்டுல சும்மா போகும்போது 1.0. எந்தப் பெட்ரோலுக்கும் இந்த எண்ணு மாறாது.

எத்தனால் சென்சார் வேணுமான்னா, நமக்கு வேண்டாம். அது 50 ஹெர்ட்ஸ்னா எத்தனாலே இல்ல, 150 ஹெர்ட்ஸ்னா முழுசும் எத்தனால். எந்தப் பங்க்குக்குப் போனாலும் 70-ஐச் சுத்தியே நிக்கப்போகுதுன்னா அதுக்கு ஒரு இன்புட்டை எதுக்குச் செலவழிக்க? அந்தக் காசுக்கு எண்ணெய் அழுத்த சென்சார் வாங்குங்க, காரணம் பொறவு சொல்லுதேன். பழைய வண்டிக்காரங்க பெட்ரோல் ஹோஸை மாத்துங்க. எத்தனாலுக்குத் தாங்காத ரப்பர் ஊறி மெத்துன்னு ஆகி வெடிக்கும்.

வைட்பேண்டு பத்தி இன்னொரு வார்த்தை: எல்எஸ்யூ 4.9 சென்சாரை டர்போவுக்குப் பின்னாடி வைங்க, படுக்கை வாக்குல வைக்காம சாய்ச்சு மேல்நோக்கி வைங்க. கரண்ட் கொடுக்காம சைலன்சர்ல மாட்டி ஓட்டாதிய, ஹீட்டர் இல்லாம கரி படிஞ்சே செத்துப்போகும்.

4 மே 2025

கத்திரி தொடங்கியாச்சு. மத்தியானம் ஒரு மணிக்கு நாங்குநேரி டோல்கிட்ட வண்டியை நிப்பாட்டிட்டு லாக் (சென்சார் எண்ணோட பதிவு) எடுத்தேன். நாலுவழிச்சாலையில 100-ல போகும்போது இன்டேக் வெப்பம் 48. டோல்ல வரிசையில நின்ன நேரத்துக்குள்ள 67. திரும்ப வேகம் எடுத்து, இன்டர்கூலர் குளிந்தாலும் சென்சார் 60-ஐ விட்டு இறங்க மாட்டேங்குது. காத்து குளிந்துருச்சு, சென்சார் உக்காந்திருக்கிற அலுமினியம் இன்னும் கொதிக்குது.

இதுல ரெண்டு சங்கதி. காத்து சூடானா அடர்த்தி குறையும், அதனால ஈசியூ பெட்ரோலையும் குறைக்கும். சென்சார் பொய் சொன்னா பெட்ரோல் தேவையில்லாமக் குறையும், வண்டி லீனாகும், அதுவும் டோல்ல இருந்து கிளம்பி அழுத்தி மிதிக்கிற அதே நேரத்துல. அதனால மூடின தலை சென்சாரைத் தூக்கிட்டு, திறந்த மணி வச்ச சென்சாரை இன்டர்கூலருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல உள்ள பைப்புல போடுங்க. இக்னிஷன்ல வெப்பத்துக்கு ஏத்த திருத்தம் 50-க்கு மேல கட்டாயம் இருக்கணும். கோயம்புத்தூர்ல டிசம்பர் மாசம் டைனோவுல போட்ட மேப்புக்கு மே மாசத்து நெல்லை தெரியாது. ட்யூனர்கிட்ட வாயைத் தொறந்து சொல்லணும். சொன்னாலும் பல பேரு அந்தக் கட்டத்துப் பக்கமே போறதில்ல.

பெட்டியை பானட்டுக்குள்ள வைக்காதிய. கிளவ்பாக்ஸுக்குப் பின்னாடி வைங்க.

11 மே 2025

நாக் சென்சார் இருக்குல்லா, அது ஒரு மைக்தான். எந்தச் சத்தத்தைக் கேக்கணும்னு நாமதான் சொல்லணும். கணக்கு ரொம்ப லேசு. 900-ஐ பையாலயும் சிலிண்டர் ஆரத்தாலயும் வகுத்தா கிலோஹெர்ட்ஸ் வரும், ஆரம் மில்லிமீட்டர்ல. என்னுது 81 மில்லி போர், 7.1 வருது. லீனியா 72 மில்லி, 8 கிட்ட. தட்டுத சத்தம் முதல்ல அங்கதான் வரும், அதோட இரட்டிப்புலயும் கொஞ்சம் கேக்கும்.

இது தெரிஞ்சாப் பாதிதான். வால்வு அடிக்கிற சத்தம், இன்ஜெக்டர் க்ளிக், பிஸ்டன் ஆடுத சத்தம் எல்லாம் அந்த மைக்குல விழும். ஒவ்வொரு ஆர்பிஎம்மிலயும் "சும்மா இருக்கிற சத்தம்" எவ்வளவுன்னு நாம வரைஞ்சு கொடுக்கணும். கம்பெனி ஈசியூவுல அதை வரைஞ்சே கொடுத்திருக்கான். தம்பிக்கு ரீமேப்பைச் சொன்னதுக்கு எனக்கு இதுவே பெரிய காரணம். ஸ்டாண்டலோன் போட்ட பாதிப் பேரோட நாக் பக்கத்தைத் தொறந்து பாத்தா எல்லாக் கட்டத்துலயும் ஒரே எண்ணு இருக்கு. சென்சார் மாட்டியிருக்கு, கேக்க ஆள் இல்ல.

வள்ளியூர் அண்ணாச்சிக்கு ஒரு வழி. ஒரு செம்புக்குழாய், முனையைத் தட்டித் தட்டையாக்கி ஓட்டை போட்டு எஞ்சின் பிளாக்குல போல்ட் பண்ணுங்க. மறுமுனையில ரப்பர் குழாய் மாட்டி வண்டிக்குள்ள கொண்டாந்து, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி எதுத்தாப்ல மெடிக்கல்ல கிடைக்கிற ஸ்டெதஸ்கோப் காதுல சேத்துருங்க. தட்டுறது கண்ணாடிக் குப்பியில கூழாங்கல் விழுந்த மாதிரி தனியாத் தெரியும். ஓட்டுதவர் காதுல மாட்டக்கூடாது, பக்கத்துல இருக்கிறவர் மாட்டணும்.

18 மே 2025

"கடைசி வரைக்கும் எந்தப் பெட்டின்னு சொல்லவே இல்லையே வே"ன்னு ஒரு கூட்டாளி திட்டிட்டான். சரி.

மோடெக் மெல்பர்ன்காரங்க. அவங்க விலையில நான் இன்னொரு ஆக்டேவியா வாங்கிருவேன். ஹால்டெக் சிட்னி, 1986-ல இருந்து இருக்காங்க, லிங்க் நியூசிலாந்து, இஎம்யூ போலந்து, மேக்ஸ்இசியூ சுவீடன். இந்த நாலுல எது வாங்கினாலும் எஞ்சின் ஓடும், நல்லாவே ஓடும். இணையத்துல இதுல எது பெருசுன்னு அடிச்சுக்கிறதைப் பாத்தா எனக்குச் சிரிப்பா வரும். நம்ம 1400 சிசிக்கும் 1800 சிசிக்கும் இந்தப் பெட்டிகளோட கெட்டிக்காரத்தனத்துல கால்வாசிகூட வேண்டாம்.

நான் இஎம்யூ பிளாக் எடுத்தது, வைட்பேண்டு கன்ட்ரோலரும் நாக் இன்புட்டும் மோட்டார் த்ராட்டில் டிரைவரும் 4 பார் மேப் சென்சாரும் பெட்டிக்குள்ளயே இருந்ததால. வெளிய தனித்தனியா வாங்கினா அதுக்கு ஒவ்வொரு வயர், ஒவ்வொரு கப்ளர், ஒவ்வொரு எர்த். தொந்தரவு தருது எப்பவும் அந்தக் கப்ளர்தான். இன்னொரு காரணம், கோயம்புத்தூர்ல எனக்கு மேப் போட்டவருக்கு அது மனப்பாடம். லிங்க் தெரிஞ்சவர் கிடைச்சிருந்தா லிங்க் போட்டிருப்பேன், ஒரு வருத்தமும் இருந்திருக்காது.

சாஃப்ட்வேர் இலவசமான்னு பாத்துக்குங்க. ஹால்டெக், லிங்க், இஎம்யூ மூணுக்கும் இலவசமா இறக்கிக்கலாம். ட்யூனர்ஸ்டுடியோ சும்மா கிடைக்கும், ஆனா தானா ஃபியூயல் டேபிளைத் திருத்துற வசதிக்குக் காசு கட்டிப் பதியணும். கட்டுங்க. டைனோ இல்லாத ஊர்ல அதுதான் பெட்ரோல் பக்கத்துக்குப் பாதி டைனோ. இக்னிஷன் பக்கத்துக்கு அது உதவாது, அதுக்கு லோடு பிடிச்சு நிறுத்துற உண்மையான டைனோதான் வேணும்.

இனி எண்ணெய் அழுத்தம். ஸ்டாண்டலோனுக்கு இவ்வளவு காசு கொடுக்கிறதுக்கு என் கணக்குல நியாயமான காரணம் இது ஒண்ணுதான். பழைய கம்பெனி வண்டியில எண்ணெய்க்கு ஒரு சிவப்பு லைட்டு. அது எரியிறதுக்குள்ள பேரிங் போயிரும். ஸ்டாண்டலோன்ல, 1000 ஆர்பிஎம்முக்கு இவ்வளவு அழுத்தம் இருக்கணும்னு ஒரு கோடு போடலாம். பழைய வழக்கம் 1000-க்கு 0.7 பார். வளைவுல எண்ணெய் ஒதுங்கி அழுத்தம் கோட்டுக்குக் கீழ போனா, அரை நொடிக்குள்ள எஞ்சினை வெட்டிரும். பெட்ரோல் அழுத்தமும் அப்படித்தான். பூஸ்ட் ஏறுத அளவுக்கு ரெகுலேட்டர் அழுத்தத்தையும் ஏத்தணும்; ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 பார்ல நிக்கணும். பம்ப் தளந்தா அந்த வித்தியாசம் முதல்ல சுருங்கும், லாம்டா அதுக்குப் பொறவுதான் காட்டும். பூஸ்ட்ல லாம்டா 0.9 தாண்டினா வெட்டு, கூலண்ட் 110 போனா பூஸ்டைக் குறை. இத்தனையும் பெட்டிக்குள்ள இருக்கு. மூணு சென்சாருக்கு வயர் இழுக்கணும், அவ்வளவுதான். அதை இழுக்காம, சைலன்சர்ல பட்டாசு வெடிக்கிற பாப்ஸ் அண்டு பேங்ஸும் நின்ன இடத்துல இருந்து பாயுத லாஞ்ச் கன்ட்ரோலும் மட்டும் போட்டுக்கிட்டு ஓட்டுதவங்களை என்ன சொல்ல.

வெட்டும்போது பெட்ரோலை வெட்டச் சொல்லுங்க. இக்னிஷனை வெட்டினா எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக்ல போயி எரியும்.

8 ஜூன் 2025

சாரல் தொடங்கிட்டு. தென்காசி ரோடு பூரா கேரளா வண்டி. குத்தாலம் போறவங்க ரீமேப் பண்ணின வண்டியில போகாதிய, பாவூர்சத்திரத்துல இருந்து ஊர்ந்துதான் போகணும், ஐடில் மேப் எப்படின்னு மட்டும்தான் தெரிஞ்சுக்குவிய.

தம்பி கோயம்புத்தூர் போயிட்டு வந்துட்டாரு. ரீமேப்தான். டைனோ தாள்ல 150-க்குக் கொஞ்சம் மேல. 160 வரல, இன்ஜெக்டர் அங்க முடிஞ்சுட்டு. அது போதும்ங்கார். மூணாவது கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வண்டி ஏறலைங்கார். 207 நியூட்டன் மீட்டருக்குப் போட்ட பழைய கிளட்ச் தம்பி அது. மிச்சம் இருக்கிற காசு எங்க போகும்னு இப்ப தெரிஞ்சுட்டா?

ஆர்டிஓ பத்தி ஒருத்தர் கேட்டிருந்தாரு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றுல உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. எஸ்டீம்ல டர்போ வைக்கிறவங்க அதைப் படிச்சுட்டு, வண்டியை டிராக்குக்குன்னு வச்சுக்கிறது நல்லது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே இருக்கு. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லுங்க, அடிபட்ட பொறவு அவங்களாக் கண்டுபிடிச்சா கிளெய்ம் கிடைக்காது.

29 ஜூன் 2025

வள்ளியூர் எஸ்டீம் ஸ்டார்ட் ஆயிட்டு. வீடியோ அனுப்பியிருக்காரு. ஐடில்ல சத்தம் நல்லா இருக்கு, வைட்பேண்டு 0.95 காட்டுது. டர்போவை இன்னும் திறந்து விடல, வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தத்தை மட்டுப்படுத்துத வால்வு) ஸ்பிரிங் அழுத்தத்துலயே ஓட்டுங்க.

அண்ணாச்சி, லாக் இப்படி எடுங்க. கூலண்ட் 85 வந்தபிறகு மட்டும். காலையில ஆறு மணிக்கு முன்னாடி எடுங்க. காவல்கிணறுல இருந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் போகாதிய, அங்க அடிக்கிற எதிர்காத்துல லோடு ஒரு நாளைக்கு ஒரு மாதிரி காட்டும். வடக்க பாத்து நாங்குநேரி ரோட்டுல எடுங்க. மூணாவது கியர், 2000-ல இருந்து 5000 வரைக்கும், மொத தடவை பாதி மிதி போதும். லேப்டாப் பக்கத்து ஆள் மடியில இருக்கணும். ஆர்பிஎம், மேப் சென்சார் அழுத்தம், லாம்டா, இன்டேக் வெப்பம், இன்ஜெக்டர் டியூட்டி, பேட்டரி வோல்டேஜ், சின்க் லாஸ் (ஒத்திசைவு விட்டது) எண்ணிக்கை, இந்த ஏழும் பதிவாகுதான்னு வீட்டுலயே பாத்துட்டுக் கிளம்புங்க. சின்க் லாஸ் ஒண்ணு ஏறியிருந்தாலும் மேப் பக்கம் போகாதிய, கிராங்க் வயரைத்தான் பாக்கணும். ஃபைலை அனுப்புங்க, திங்கக்கிழமை ராத்திரி பாத்துட்டு எழுதுதேன்.